ஒரே மரம், திரும்பத் திரும்ப: குழந்தைகளை இயற்கையோடு பழக்க ஒரு வழிகாட்டி

குழந்தையை இயற்கையோடு பழக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெற்றோர் முதலில் தேடுவது ஒரு நீண்ட விடுமுறையையும் தொலைதூரக் காட்டையும்தான். காட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் காட்டைப் பற்றிக் குழந்தை நாலு நாள் பேசும், அப்புறம் மறந்துவிடும். தெருமுனையில் தினமும் பார்க்கும் மரம் எப்போது இலை உதிர்த்தது, எந்தக் கிளையில் கூடு வந்தது என்பதெல்லாம் அதற்கு மனப்பாடமாகத் தெரியும்.

இந்த வழிகாட்டி அந்தத் தெருமுனை மரத்தை நம்பி எழுதப்பட்டது. தோட்டம் இல்லாதவர்கள், செடிகொடிகளின் பெயர் தெரியாதவர்கள், 'எனக்கே பூச்சி என்றால் பயம்' என்பவர்கள் எல்லோரும் இதை வைத்துத் தொடங்கலாம்.

2002இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் சிலர் பள்ளிக் குழந்தைகளிடம் இரண்டு வகைப் படங்களைக் காட்டினார்கள். ஒன்று, அந்த நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் செடிகளும் உயிரினங்களும். இன்னொன்று, போக்கிமான் என்ற விளையாட்டில் வரும் கற்பனைப் பாத்திரங்கள். 8 வயதுக்காரர்கள் போக்கிமான் பாத்திரங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். உயிரினங்களில் பாதியளவுதான் சொல்ல முடிந்தது. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. கூர்ந்து பார்ப்பது, வகை பிரிப்பது, பெயர்களை நினைவில் வைப்பது எல்லாம் குழந்தைக்குத் தானாகவே வருகிறது. எதைத் தினமும் பார்க்கிறதோ அதைக் கற்றுக்கொள்கிறது. நம் வேலை, அதன் கண்ணில் படுகிற இடத்தில் கொஞ்சம் இலையையும் மண்ணையும் பூச்சியையும் கொண்டுவருவது.

எவ்வளவு நேரம், எதற்காக

1 முதல் 4 வயது வரை நாள் முழுவதும் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடம் குழந்தை ஓடியாடி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு. வீட்டுக்குள் இதை நிறைவேற்றுவது பெரும்பாடு. வெளியே விட்டால் யாரும் சொல்லாமலே நடந்துவிடும்.

கண்ணுக்குக் கிடைக்கும் பலன் இன்னும் நேரடியானது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் மூன்று வருடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் மட்டும் பிள்ளைகளைப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்க வைத்தார்கள். மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் இருந்தவர்களில் அது 30.4 சதவீதம். இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுவது வெளிச்சம். நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கும் அறையில்கூட வழக்கமாக 500 லக்ஸுக்குள்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். பகலில் திறந்த வெளியில் 10,000 லக்ஸைச் சுலபமாகத் தாண்டும். அந்த ஒளியில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது, கண்கோளம் அளவுக்கு மீறி நீளாமல் இருக்க அது உதவுகிறது என்று விளக்குகிறார்கள். இதற்காகக் குழந்தை வெயிலில் காய வேண்டியதில்லை. மர நிழலிலேயே வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

மண்ணில் கை வைத்தாலே பதறுகிறவர்களுக்கு ஒரு சேதி. பின்லாந்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் விளையாடும் காப்பக முற்றங்களில் காட்டுத் தரையையும் புல்தரையையும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து போட்டார்கள். 28 நாளில் அந்தப் பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் பெருகின. நோயெதிர்ப்பு மண்டலம் சீராக இயங்குவதைக் காட்டும் மாற்றங்கள் இரத்தத்திலும் தெரிந்தன. 2020இல் வெளியான இந்த ஆய்வில் இருந்தவர்கள் 100 பேருக்கும் குறைவு. ஆனாலும் மண் அழுக்கு என்று ஒரேயடியாக ஒதுக்குவதற்கு முன் யோசிக்க வைக்கிறது.

இந்த எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் மாதம் தினமும் 20 நிமிடம் போதும்.

முதல் படி: ஓர் இடம் பிடியுங்கள்

வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்க வேண்டும். வண்டி வராத இடமாக, கொஞ்சம் மண் தெரிவதாக, ஒரு மரமோ புதரோ உள்ளதாக, நீங்கள் உட்காரக்கூடியதாக இருந்தால் சரி. அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒட்ட வெட்டிய புல்தரையைவிட, யாரும் கவனிக்காமல் களை முளைத்துக் கிடக்கும் ஒரு மூலையில் பத்து மடங்கு உயிர்கள் இருக்கும். உதிர்ந்த இலை, பட்டுப்போன கட்டை, ஒரு பெரிய கல் இருந்தால் அதிர்ஷ்டம்.

அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருக்கிறீர்கள், கீழே சிமெண்டுத் தரைதான் என்றால் ஒரு பெரிய மண்தொட்டியை வைத்து அதில் எதுவும் விதைக்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றி வாருங்கள். தானாக எது முளைக்கிறது என்று பார்ப்பதே குழந்தைக்கு ஒரு மாத வேலை. பறவைகளுக்கு ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைக்கலாம். கொசு முட்டையிடாமல் இருக்க அதைத் தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள்.

இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். நேற்று இருந்த சிலந்தி வலை இன்று இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுமானால் நேற்றும் அங்கே இருந்திருக்க வேண்டுமே.

இரண்டாம் படி: நேரத்தை ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள்

'நேரம் கிடைக்கும்போது போகலாம்' என்றால் கிடைக்காது. பள்ளி விட்டு வரும் வழியில், காலை பல் துலக்கியதும், இரவு உணவுக்கு முன் என்று ஏற்கெனவே நடக்கிற ஏதாவது ஒன்றோடு இதைச் சேர்த்துவிடுங்கள். மண் படியலாம் என்று ஒதுக்கிய உடை ஒன்றும் கதவருகே ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் தயாராக இருக்கட்டும். தூறல், குளிர், காற்று என்று வானிலை மாறும் நாள்களையும் விடாதீர்கள். அதற்கேற்ற உடை இருந்தால் அந்த நாள்களில்தான் புதிதாக ஏதாவது பார்க்கக் கிடைக்கும்.

மூன்றாம் படி: உட்காருங்கள், பேசாதீர்கள்

மொத்த வழிகாட்டியிலும் கடினமான படி இதுதான். இது கைவந்துவிட்டால் மற்றவை தாமாக வரும்.

வெளியே போனதும் முதல் சில நிமிடங்கள் குழந்தை ஓடும், கத்தும், குச்சியால் எதையாவது அடிக்கும், 'போர் அடிக்குது, வீட்டுக்குப் போலாம்' என்று சொல்லும். அப்போது நாம் உடனே விளையாட்டுக் காட்ட ஆரம்பித்துவிடுகிறோம். 'இதோ பார் பூ, இது என்ன நிறம்?' என்று கேட்டுப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுகிறோம். வேண்டாம். 'சரி, நான் இங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்காருங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். நீங்கள் எதையாவது உற்றுப் பாருங்கள், ஒரு இலையின் ஓட்டையாக இருந்தாலும் போதும். பெரியவர் ஒருவர் அக்கறையோடு எதையோ பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தையால் வெகு நேரம் விலகி இருக்க முடியாது.

அப்புறம் அதுவே ஒரு விதையையோ கம்பளிப்பூச்சியையோ கண்டுபிடித்து வந்து காட்டும். அந்த நிமிடம் முக்கியம். பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். பெயரைக் கேட்டதும் விஷயம் முடிந்துவிட்டது என்று குழந்தை அடுத்ததற்குப் போய்விடும். 'எங்கே இருந்தது?', 'என்ன செய்துகொண்டிருந்தது?', 'எதைத் தின்னும் என்று நினைக்கிறாய்?' என்று கேளுங்கள். பதில் தவறாக இருந்தால் திருத்த வேண்டாம், நாளைக்கும் வந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததைக் கேட்டால் 'தெரியலையே, வா பார்க்கலாம்' என்பது முழுமையான பதில்.

பூச்சி பயம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பயம் இருப்பதில் தவறில்லை. ஆனால் 'சீ!' என்ற ஒற்றைச் சொல்லைக் குழந்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். இரண்டடி பின்னால் தள்ளி உட்கார்ந்து அமைதியாகப் பாருங்கள், அது போதும்.

நான்காம் படி: செய்து பார்க்கச் சில

சும்மா இருக்கப் பழகிய பிறகு இவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டாம்.

எறும்பில் தொடங்குவதையே நான் சொல்வேன். எங்கும் கிடைக்கும், காத்திருக்க வேண்டாம். எறும்புகள் சாரையாகப் போகும் வழியில், எறும்பு இல்லாத இடைவெளி பார்த்து, விரலால் குறுக்கே ஒரு முறை அழுத்தித் துடைக்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் எறும்பு அந்த இடத்தில் தடுமாறி நிற்கும், திரும்பும், சுற்றும். எறும்புகள் தரையில் விட்டுச்செல்லும் ஒரு வாசனைப் பொருளைப் பின்பற்றியே நடக்கின்றன. அதைத்தான் விரல் அழித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஓர் எறும்பு கடந்துவிடும், அதன் பின்னால் மற்றவையும் வரும். வழி மறுபடி ஒட்டிக்கொள்ள எவ்வளவு நேரமாகிறது என்று குழந்தையே பார்த்துச் சொல்லட்டும். மறுநாள் ஒரு சர்க்கரைத் துணுக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, முதல் எறும்பு கண்டுபிடித்ததிலிருந்து கூட்டம் வரும்வரை பாருங்கள். கொட்டும் எறும்பு வகையாக இருந்தால் மட்டும் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

மழை படாத காய்ந்த பொடிமணலில் சின்னச் சின்னப் புனல் போன்ற குழிகள் தெரிந்தால் அவை குழியானையின் வேலை. அடியில் மணலுக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் புழு, குழியில் சறுக்கும் எறும்பின் மேல் மணலை வீசி இன்னும் கீழே விழவைத்துப் பிடிக்கும். ஒரு புல் நுனியால் குழியின் ஓரத்தை மெல்லத் தொட்டால் எறும்பு என்று நினைத்து மணலை வீசிக் காட்டும். வளர்ந்ததும் அது தட்டானைப் போலத் தோன்றும் சிறகுள்ள பூச்சியாகிவிடும் என்று சொன்னால் எந்தக் குழந்தையும் முதலில் நம்பாது.

கல்லைப் புரட்டிப் பார்ப்பது எல்லா வயதுக்கும் பிடிக்கும். ஆனால் முறை இருக்கிறது. கல்லின் எதிர்ப்பக்க விளிம்பைக் குச்சியால் தூக்கி நம் பக்கமாகச் சாய்க்க வேண்டும். அடியில் தேள் போன்றது எதுவும் இருந்தால் அதற்கும் நமக்கும் நடுவில் கல் இருக்கும், அது எதிர்த் திசையில் ஓடிவிடும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே மெதுவாக வைக்க வேண்டும். அங்கே வாழ்கிறவற்றுக்கு அதுதான் கூரை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழல் நுனியில் மணிக்கு ஒரு கல் வையுங்கள், பகல் முழுதும் கற்கள் ஒரு வரிசையாகும். இலையுள்ள கிளை ஒன்றின் மேல் தெளிவான பிளாஸ்டிக் பையைக் கட்டி வெயிலில் விட்டால் சில மணி நேரத்தில் உள்ளே நீர்த்துளி சேரும், இலை நீரை ஆவியாக வெளியே விடுவது கண்ணுக்குத் தெரியும். பௌர்ணமி தொடங்கிச் சில நாள்கள் நிலா உதிக்கும் நேரத்தைக் குறித்துவாருங்கள், தினமும் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். மழை விட்டதும் வெளியே போய் மூக்கால் இழுத்துப் பாருங்கள். அந்த மண்வாசனைக்கு முக்கியக் காரணம் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். இரவில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டுப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். அரை மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள், அவற்றுக்கும் வேலை இருக்கிறது.

பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால் மூடியில் துளையிட்ட டப்பாவில் நிழலில் பத்து நிமிடம். பிறகு பிடித்த அதே இடத்தில் விட்டுவிட வேண்டும். பூ, இலை, விதை எதுவானாலும் கீழே விழுந்ததை மட்டும் எடுப்பது நல்ல வழக்கம்.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. பைனாகுலர், கூடாரம் எல்லாம் குழந்தை தானாகக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

போனை எப்போது எடுப்பது

வீட்டுக்கு வந்த பிறகு. முதலில் ஒரு நோட்டில் குழந்தை தான் பார்த்ததை வரையட்டும். எத்தனை கால், இறக்கை இருந்ததா, கோடு எந்தப் பக்கம் என்று வரையும்போதுதான் தான் கவனிக்காதது தெரியும். மறுநாள் அதைப் பார்ப்பதற்காகவே கிளம்பும். அப்புறம் பெயர் தேடலாம். ஐநேச்சுரலிஸ்ட் குழுவின் சீக் செயலி கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தக்கூடியது, சிறுவர்களுக்கு ஏற்றது. பறவைக் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லக் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இருக்கிறது. இரண்டும் சில சமயம் தவறாகச் சொல்லும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவைப்பது நல்லது.

பறவைகளில் ஆர்வம் பிடித்துக்கொண்டால், 1998இலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் நடக்கும் வீட்டருகே பறவைகள் கணக்கெடுப்பில் (கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்) கலந்துகொள்ளலாம். உலகின் எந்த மூலையிலிருந்தும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும்.

ஆபத்து என்றால் எது

நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், குழந்தைகள் விரும்பித் தேடும் சவால் விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரிய கருவி, நீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, கட்டிப் புரண்டு சண்டையிடுவது, பெரியவர் கண்ணில் படாமல் போவது. இவை ஆறையும் தடுத்துவிட்டால் வெளியே போவதில் குழந்தைக்கு என்ன மிச்சம்? குழந்தைக்குத் தெரிந்து, அதுவே அளந்து எடுக்கும் துணிச்சல் வேறு. அதற்குத் தெரியாமல் காத்திருக்கும் ஆபத்து வேறு. பின்னதை நீக்குவதுதான் பெரியவர் வேலை.

மரம் ஏறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கிளையைத் தட்டிப் பார்த்துச் சொல்வது, கீழே கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. பிள்ளையைத் தூக்கி மேலே விடாதீர்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்து அதற்குத் தானாக இறங்கவும் பெரும்பாலும் தெரியும். 'பார்த்து, பார்த்து' என்று கத்துவதால் கால்தான் நடுங்கும். 'அடுத்த காலை எங்கே வைக்கப்போகிறாய்?' என்று கேட்டால் அது யோசிக்கத் தொடங்கும்.

இவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்:

- தண்ணீர் அருகே சிறு குழந்தை எப்போதும் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சில சென்டிமீட்டர் ஆழம்கூட உயிரைப் பறிக்கும், சத்தமே கேட்காது.
- பெரியவர் சொல்லாமல் எந்தக் காயும் இலையும் வாய்க்குப் போகக் கூடாது. அழகுக்காகப் பல ஊர்களில் வளர்க்கும் அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு.
- பொந்துக்குள்ளும் புதருக்குள்ளும் கை விடக் கூடாது. பாம்பைக் கண்டால் பின்னால் நகர வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ உறிஞ்சுவதோ வேண்டாம். அந்த உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
- மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள் வந்துவிடுங்கள், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். மரத்தடி ஒதுங்கும் இடமல்ல.
- குழந்தையின் நிழல் அதன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. தொப்பி போட்டு நிழலுக்குப் போங்கள், இல்லையென்றால் வேறு நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

டெட்டனஸ் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுவிடுங்கள். தேனீ கொட்டிய பின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கீழே விழுந்த குஞ்சு

ஒரு நாள் குழந்தை பறவைக் குஞ்சைக் கையில் ஏந்தி வந்து நிற்கும். அந்த நேரத்துக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். உடல் முழுக்க இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிறது என்றால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. தாய் எங்கோ பக்கத்தில் இருக்கும். பூனையோ வண்டியோ வரும் இடமானால் அருகிலுள்ள புதரில் வைத்துவிட்டு விலகி நின்று பாருங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால், கூடு தெரிந்து கையும் எட்டினால் திரும்ப வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பாலோ ரொட்டியோ ஊட்டுவது அநேகமாக அதைக் கொன்றுவிடும். காயம்பட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறையையோ விலங்கு மருத்துவரையோ கேளுங்கள். செத்துப்போனால் மறைக்க வேண்டாம். குழந்தை புதைக்க விரும்பினால் கூட நில்லுங்கள், கேட்கும் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

வளர்ந்த பிள்ளைகள்

பதின்வயதில் வெளியே வர மறுப்பார்கள். அப்பா அம்மாவோடு பூச்சி பார்க்கப் போவது அந்த வயதுக்குக் கூச்சம். கட்டாயப்படுத்தினால் இருப்பதும் போய்விடும். நண்பர்களோடு சைக்கிளில் போகவிடுங்கள். வழி கண்டுபிடிப்பது, தீ மூட்டுவது, சமைப்பது, இரவு தங்குவதற்குத் திட்டம் போடுவது என்று உண்மையான பொறுப்பைக் கொடுங்கள். தம்பி தங்கையை அந்த மரத்தடிக்கு அழைத்துப்போகும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், சின்னவர்களுக்குக் காட்டுவதில் அவர்களுக்கு ஒரு பெருமை உண்டு.

காட்டுக்குப் போகும் நாள்

உங்கள் மூலையில் சில மாதங்கள் பழகிய பிறகு காட்டுக்கோ மலைக்கோ நீர்நிலைக்கோ போகலாம். விடியற்காலையில் போனால் பறவைகள் அதிகம். மங்கலான நிற உடை நல்லது. பாட்டுப் போட வேண்டாம், விலங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம், கொண்டுபோன ஒவ்வொரு காகிதமும் திரும்பி வர வேண்டும். பெரிய விலங்கைப் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்து அழைத்துப் போகாதீர்கள், வராவிட்டால் அந்த நாளே வீண் என்று பிள்ளை நினைத்துவிடும். குளம்படி, எச்சம், உதிர்ந்த இறகு, நகம் கீறிய மரப்பட்டை ஆகியவற்றைத் தேடலாம் என்று சொல்லுங்கள், அவை அநேகமாகக் கிடைத்துவிடும். தூரத்தைக் குழந்தையின் காலுக்கு ஏற்ப வையுங்கள். முதல் பயணத்தை அரை நாளோடு நிறுத்தி, 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று அது கேட்கும்போதே கிளம்பிவிடுங்கள். களைத்து அழத் தொடங்கிய பிறகு திரும்பினால், அடுத்த முறை அழைக்கும்போது அதற்கு அழுகைதான் நினைவுக்கு வரும்.